உறைப்பலகைச் சுவர்களும் கூரை டயாஃப்ரமும்: வெட்டு வலிமை

மரம் அல்லது மெல்லிய எஃகுச் சட்டகத்தின் மேல் ஒட்டுப்பலகை, சிமெண்ட் நார்ப்பலகை, ஜிப்சம் பலகை, எஃகுத் தகடு போன்றவற்றை ஆணியாலோ திருகாணியாலோ பதித்து உருவாக்கப்படும் சுவர் உறைப்பலகைச் சுவர் எனப்படும். இதே முறையில் கூரைத் தளத்திலோ மாடித் தளத்திலோ பலகை அல்லது தகடு பதிக்கப்பட்டு, முழுத் தளமும் ஒரே தகடுபோல் பக்கவாட்டு விசையைத் தாங்கும்போது அது டயாஃப்ரம் என்று அழைக்கப்படுகிறது. புயற்காற்றும் நிலநடுக்கமும் கட்டிடத்தின் மீது கிடைமட்டமாகச் செலுத்தும் விசையை அடித்தளம் வரை கொண்டு சேர்ப்பவை இவ்விரண்டுமே. இவை தம் தளத்துக்குள்ளேயே சாய்சதுரமாகச் சிதையாமல் நிற்கும் திறனே வெட்டு வலிமை ஆகும். பள்ளி இயற்பியல் நூல்களில் வரும் சறுக்குப்பெயர்ச்சித் தகைவு இத்திறனோடு நெருங்கிய தொடர்புடையது. பொறியாளர்கள் பெரும்பாலும் வெட்டு விசை என்றே சொல்கிறார்கள்.

இக்கட்டுரை இக்கருத்தைத் தரங்கம்பாடியை வைத்து விளக்குகிறது. அவ்வூரில் அமெரிக்கப் பாணி மரச்சட்டக வீடுகள் இல்லை. ஆனால் ஓட்டுக் கூரை, மெட்ராஸ் டெரஸ், கான்கிரீட் தளம், மொட்டைமாடித் தகரக் கொட்டகை ஆகிய நான்கையும் சில தெருக்களுக்குள் பார்த்துவிடலாம். டயாஃப்ரமாக வேலை செய்யும் கூரைக்கும் செய்யாத கூரைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய இதைவிட நல்ல இடம் அமையாது.

ஊரும் காற்றும்

தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர்கள் 1620-இல் தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1845-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2020-இல் உருவான மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. கடலரிப்புக்கு நெடுங்காலமாக ஆளாகி வந்த மாசிலாமணி நாதர் கோயில் இன்றும் கரையோரம் நிற்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையின் வீட்டுக் கட்டுமானத்தையே மாற்றியது. ஆனால் அலை அரிதாக வருவது, புயல் அப்படியல்ல. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயல், 2008 நவம்பரில் காரைக்கால் அருகே வந்த நிஷா, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடந்த தானே, 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கடந்த கஜா ஆகியவை இக்கரையின் மேலும் கீழும் வந்து போனவை. எனவே இப்பகுதியில் ஒரு சிறு வீட்டின் பக்கவாட்டு வலிமையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காற்றுதான்.

விசை செல்லும் பாதை

நீளவாட்டுச் சுவரின் மீது காற்று மோதுகிறது. சுவர் கீழே அடித்தளத்திலும் மேலே கூரையிலும் சாய்ந்து நிற்பதால், ஏறத்தாழப் பாதி விசை நேரே தரைக்கும் மறுபாதி கூரைக்கும் செல்கிறது. கூரை அந்த விசையை இரு முனைகளிலும் உள்ள குறுக்குச் சுவர்களுக்குக் கடத்துகிறது. குறுக்குச் சுவர்கள் அதைத் தம் நீளத்தின் வழியே அடித்தளத்தில் இறக்குகின்றன. காற்றை நேரே வாங்கும் சுவர் வேறு, அதைத் தாங்கி முடிக்கும் சுவர் வேறு என்பதை மாணவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

இங்கே கூரை செய்யும் வேலை, படுக்கவைத்த ஓர் ஆழமான உத்திரத்தின் வேலை. 'ஐ' வடிவ எஃகு உத்திரத்தின் நடுத் தகடு வெட்டு விசையைத் தாங்க, மேல் கீழ் விளிம்புகள் வளைவைத் தாங்குகின்றன அல்லவா? அதுபோலவே கூரைப் பலகை வெட்டு விசையைத் தாங்குகிறது. கூரையின் இரு நீள விளிம்புகளில் ஓடும் மரமோ கான்கிரீட் பட்டையோ ஒருபுறம் இழுவையையும் மறுபுறம் அழுத்தத்தையும் தாங்குகிறது. இந்த விளிம்புறுப்புக்கு நாண் என்று பெயர்.

ஒரு கணக்கு

12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் சுவர் உயரம் கொண்ட ஒரு தளமுள்ள வீடு. காற்றின் வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்று கொள்வோம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி தரும் சூத்திரம் எளியது: வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். 50 × 50 × 0.6 = 1,500 நியூட்டன், அதாவது 1.5 கிலோநியூட்டன். நிலப்பரப்பு, உயரம், கட்டிட வடிவம் ஆகியவற்றுக்கான குணகங்கள் அனைத்தையும் இங்கே 1 எனக் கொள்கிறோம். உண்மை வடிவமைப்பில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 2015 பதிப்பு கிழக்குக் கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் உள்ள கட்டிடங்களுக்குப் புயல் முக்கியத்துவக் குணகம் ஒன்றையும் சேர்த்தது. சாதாரண வீட்டுக்கு அது 1.0; புயலுக்குப் பின்னும் இயங்க வேண்டிய மருத்துவமனை, புயல் காப்பகம் போன்றவற்றுக்கு 1.3. இக்குணகம் வேகத்தைப் பெருக்குவதால் அழுத்தம் 1.69 மடங்காகிவிடும்.

சுவர் உயரத்தில் பாதி 1.5 மீட்டர், கூரைச் சரிவின் நிமிர்ந்த உயரத்துக்கு 1 மீட்டர். மொத்தம் 2.5 மீட்டர் உயரத்துக் காற்று கூரைத் தளத்தை வந்தடைகிறது. ஆகவே கூரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 2.5 × 1.5 = 3.75 கிலோநியூட்டன். 12 மீட்டருக்கு 45 கிலோநியூட்டன். ஒவ்வொரு முனைச் சுவருக்கும் 22.5 கிலோநியூட்டன்.

கூரையின் விளிம்பில் வெட்டு விசை: 22.5-ஐ அகலம் 6-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன். நடுவில் வளைவுத் திருப்புத்திறன்: 3.75 × 12 × 12 ÷ 8 = 67.5 கிலோநியூட்டன் மீட்டர். அதை அகலத்தால் வகுத்தால் நாண் விசை 11.25 கிலோநியூட்டன். சுவர் உச்சியில் ஓடும் மரம் இரு துண்டுகளாக இருந்து, நடுவில் பாதிப் பாதி செதுக்கி ஓரிரு ஆணி மட்டும் அடித்திருந்தால் இந்த ஒரு டன்னுக்கு மேற்பட்ட இழுவையில் இணைப்பு விடுபடும். எஃகுப் பட்டை வைத்து இணைத்தால் நிற்கும். மரத்துக்குப் பதிலாகச் சுவர் உச்சியில் ஐ.எஸ். 4326 கூறும் கான்கிரீட் பட்டை இருந்தால், அதன் குறைந்தபட்ச அளவான 75 மில்லிமீட்டர் தடிமனும் இரு 8 மில்லிமீட்டர் கம்பிகளுமே இந்த நாண் விசைக்குப் போதும். அக்கம்பிகளின் குறுக்குப் பரப்பு 100 சதுர மில்லிமீட்டர்; அனுமதிக்கப்பட்ட தகைவு 230 எனக் கொண்டால் 23 கிலோநியூட்டன் தாங்கும்.

இனி முனைச் சுவர். 6 மீட்டரில் 1 மீட்டர் கதவுக்கும் 1.5 மீட்டர் சன்னலுக்கும் போனால் மீதம் 3.5 மீட்டர். 22.5 ÷ 3.5 = மீட்டருக்கு 6.43 கிலோநியூட்டன். சுவர் உறைப்பலகையால் ஆனது என்றால் கேள்வி இதுதான்: பலகை இதைத் தாங்குமா?

தாங்குவது ஆணி

பலகை மட்டும் இருந்தால் தாங்கும். கேள்வி ஆணியைப் பற்றியது. உறையில்லாத நான்கு சட்டங்களின் செவ்வகத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்ந்த இணைகரமாகிறது. அதன் மேல் பதித்த பலகையோ தன் வடிவத்தை எளிதில் விடாது. செவ்வகமாகவே இருந்து சற்றே சுழல்கிறது. சட்டகம் சாய, பலகை சாய மறுக்க, இரண்டுக்கும் இடையிலான இழுபறி முழுவதும் விளிம்பு ஆணிகளின் மீது விழுகிறது. மூலை ஆணிகளுக்கு அது மிக அதிகம். ஆணி வளைகிறது, அதைச் சுற்றிய மரம் நசுங்குகிறது, கடைசியில் ஆணித்தலை பலகைக்குள் புதைந்து வெளிவருகிறது அல்லது பலகை விளிம்பு பிய்கிறது. நடுப்பலகை கிழிந்து சுவர் விழுவது அரிது.

அமெரிக்க மர வடிவமைப்பு அட்டவணைகளில் இது அப்படியே தெரியும். ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, 63 மில்லிமீட்டர் நீள ஆணி, டக்ளஸ் ஃபிர் போன்ற கனமான ஊசியிலை மரச் சட்டங்கள் கொண்ட சுவருக்கு நிலநடுக்கத்தில் அனுமதிக்கப்படும் வெட்டு விசை, விளிம்பு ஆணிகளின் இடைவெளி 150 மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்கு 3.8 கிலோநியூட்டன். அதே பலகை, அதே மரம், இடைவெளி 100 என்றால் 5.5, 75 என்றால் 7.1, 50 என்றால் 9.3. காற்றுக்கு இவற்றைவிட 40 விழுக்காடு கூடுதலாக அனுமதிக்கப்படுகிறது. நம் சுவருக்குத் தேவையான 6.43-ஐ 100 மில்லிமீட்டர் இடைவெளி தாங்கிவிடும், 150 தாங்காது. ஒரு கைப்பிடி ஆணிதான் வேறுபாடு. இந்த மதிப்புகள் நம் ஊர் மரத்துக்கும் பலகைக்கும் அப்படியே பொருந்தா. சோதனை இல்லாமல் எடுத்தாளக் கூடாது.

ஆணியைப் பலகை விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே அடிக்க வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கியால் அடிக்கும்போது ஆணித்தலை பலகைக்குள் அதிகம் இறங்கிவிட்டால், மேலே பார்க்க நேர்த்தியாக இருந்தாலும் வலிமை குறைந்துவிடும். இரு பலகைகள் சந்திக்கும் இடத்தில் அடியில் சட்டம் இல்லாவிட்டால் அங்கே ஆணிக்குப் பிடிப்பே இல்லை. கூரை டயாஃப்ரமில் அத்தகைய இடங்களில் குறுக்குக் கட்டை கொடுப்பதும் கொடாததும் வலிமையைப் பெரிதும் மாற்றும்.

பலகைச் சுவர் சிதையாமல் நின்றாலும் ஒட்டுமொத்தமாகக் கவிழக்கூடும். மீட்டருக்கு 6.43 கிலோநியூட்டன் தாங்கும் 3 மீட்டர் உயரத் துண்டின் முனையில் எழும் மேல்நோக்கிய இழுவை 6.43 × 3 = 19.3 கிலோநியூட்டன், ஏறக்குறைய இரண்டு டன். இதில் துண்டின் அகலம் வரவே இல்லை என்பதைக் கவனிக்கவும். கூரையின் எடை இதில் ஒரு பகுதியைக் குறைக்கும். ஆனால் புயலில் கூரையே மேலே இழுபடுவதால் அந்த உதவியை அதிகம் நம்ப முடியாது. எனவே ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் அடித்தளத்தோடு பிணைக்கும் எஃகு நங்கூரம் தேவை. மேலும் உயரம் அகலத்தைப் போல் மூன்றரை மடங்கைத் தாண்டிய ஒல்லியான துண்டுகளை அமெரிக்க விதிகள் வெட்டுச் சுவராகவே கணக்கில் கொள்வதில்லை.

செங்கல் வீட்டில் நிலைமை வேறு

தரங்கம்பாடியில் முனைச் சுவர் செங்கல்லால் ஆனது. ஐ.எஸ். 1905 நல்ல கலவையில் கட்டிய சுவருக்குத் தரும் அடிப்படை வெட்டுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 0.1 நியூட்டன், மேலுள்ள எடைக்கு ஏற்ப இது கூடி 0.5 வரை போகலாம். 230 மில்லிமீட்டர் தடிமன், 3.5 மீட்டர் நீளம் என்றால் 0.1 × 230 × 3,500 = 80.5 கிலோநியூட்டன். தேவை 22.5 மட்டுமே. ஆகவே சுவர் தன் தளத்தில் மூன்று மடங்குக்கு மேல் வலுவானது.

ஆபத்து காற்றை நேரே வாங்கும் நீளவாட்டுச் சுவரில் இருக்கிறது. மேலே கூரையின் பிடிப்பு இல்லாமல் அது தனியே நிற்கிறது என்று கொள்வோம். அடியில் வளைவுத் திருப்புத்திறன் மீட்டர் நீளத்துக்கு 1.5 × 3 × 3 ÷ 2 = 6.75 கிலோநியூட்டன் மீட்டர். 230 மில்லிமீட்டர் சுவரில் இது உண்டாக்கும் இழுவைத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 0.77 நியூட்டன். சுவரின் சொந்த எடை தரும் அழுத்தம் 0.06, கலவை இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட இழுவை 0.07. இரண்டையும் கூட்டினாலும் தேவையின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். கூரை டயாஃப்ரமாக இருந்து உச்சியைப் பிடித்துக்கொண்டால் திருப்புத்திறன் நான்கில் ஒரு பங்காகி, தகைவு 0.19-க்கு இறங்குகிறது. எஞ்சியதைச் சமாளிக்க அறைகளைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்கள் வேண்டும். புயலுக்குப் பின் கூரை போன வீட்டின் சுவர் உடைந்து கிடந்தால், பொதுவாகச் சுவரின் தரத்தைத்தான் குறை சொல்கிறோம். பல நேரங்களில் கூரை போனதுதான் சுவர் போனதற்குக் காரணம்.

நான்கு கூரைகள்

நாட்டு ஓடும் மங்களூர் ஓடும் சட்டங்களின் மேல் தளர்வாக அமர்பவை. ஒவ்வொரு ஓடும் தனித்து நகரும் என்பதால் கூரைத் தளத்தில் வெட்டு வலிமை என்று எதுவுமில்லை. கைமரமும் அதன் குறுக்கே ஓடும் சட்டமும் செங்கோணத்தில் சந்திக்கின்றன. அந்தக் கட்டமும் சாய்வதற்குத் தயாரானதுதான். கைமரங்களின் அடியில் மூலைவிட்டமாக மரமோ எஃகுப் பட்டையோ அடித்தால்தான் முக்கோணம் உருவாகிக் கூரை விறைப்பாகும். ஐ.எஸ். 4326 சரிவுக் கூரைகளுக்கு இத்தகைய பிணைப்பையும், முனைச் சுவரின் மேற்புற முக்கோணத்துக்குத் தனிப் பட்டையையும் கேட்கிறது. செலவு சிறியது. ஓடு மாற்றும் நாளில் செய்துவிடலாம் என்பதால், பழைய வீட்டைப் பழுதுபார்ப்போர் தவறவிடக் கூடாத வேலை இது.

மெட்ராஸ் டெரஸ் சுவையான கூரை. தேக்கு உத்திரங்களின் மேல் நெருக்கமாகக் குறுங்கட்டைகள் வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக நிறுத்தி அடுக்குவார்கள். மேலே செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புக் கான்கிரீட்டைக் கொட்டி நாட்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அதற்கும் மேலே தட்டோடு. செங்கற்கள் கட்டைகளுக்கு நேராக அல்லாமல் மூலைவாட்டில் ஓடும். மரப்பலகைத் தளங்களில் பலகையை நேராக அடித்தால் வலிமை மிகக் குறைவு, மூலைவாட்டில் அடித்தால் பல மடங்கு கூடும் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. ஆனால் அதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இக்கூரையின் விறைப்புக்கு இறுகிய சுண்ணாம்புக் கான்கிரீட்டே முதற்காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதன் எடை காற்று தூக்குவதைத் தடுக்கிறது; நிலநடுக்கத்தில் அதே எடை பகையாகும். பலவீனம் விளிம்பில்: கட்டை முனைகள் சுவருக்குள் வெறுமனே செருகப்பட்டிருக்கும். மழைநீர் இறங்கி முனை உளுத்துவிட்டால், டயாஃப்ரம் இருந்தும் அது சுவரைப் பிடிக்காது. கட்டை முனையையும் சுவரையும் எஃகுப் பட்டையால் பிணைப்பதே பழைய கட்டிடச் சீரமைப்பில் வழக்கமான தீர்வு.

இவ்வகை வீடுகளில் நடு முற்றமும் உண்டு. முற்றம் என்பது டயாஃப்ரமில் வெட்டிய துளை. துளைக்கு இருபுறமும் எஞ்சிய குறுகிய கூரைப் பட்டைகள் முழு வெட்டு விசையையும் சுமக்க வேண்டும். துளையின் மூலைகளில் விசை குவிவதால் முற்றத்தைச் சுற்றிய உத்திரங்கள் நான்கும் தொடர்ச்சியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கான்கிரீட் தளம் இவற்றில் எளிமையானது. 100 முதல் 125 மில்லிமீட்டர் தளம் தன் தளத்தில் மிகவும் விறைப்பானது என்பதால் சிறு வீடுகளில் அதன் வெட்டு வலிமையைத் தனியே சரிபார்க்க வேண்டிய தேவை அரிது. ஆனால் விறைப்பான டயாஃப்ரம் விசையைப் பகிரும் முறை வேறு. மென்மையான மரக் கூரை, ஒவ்வொரு சுவருக்கும் அதனதன் பங்கு பரப்புக்கு ஏற்பக் கொடுக்கும். கான்கிரீட் தளம், விறைப்பான சுவருக்கு அதிகம் கொடுக்கும். தெருப்பக்கம் முழுதும் கடைக்கதவாகத் திறந்து, பின்பக்கம் மட்டும் முழுச் சுவர் இருந்தால் கட்டிடம் முறுக்கிக்கொள்ளும். கடற்கரையில் உப்புக்காற்று கம்பியை அரித்துத் தளத்தின் அடிப்பூச்சு உதிர்வது தனிக் கதை.

தகரம் தாங்குமா?

ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையின் தற்காலிகக் குடியிருப்புகளில் தார் தாள்கள் சுவராகவும் கூரையாகவும் இருந்தன. அவை வெயிலைச் சேர்த்து வைத்தன. வெட்டு வலிமையோ அறவே இல்லை. கல்நார்த் தகடும் கணக்கில் சேராது. அதைப் பிடிக்கும் கொக்கிக் கம்பிகள் பெரிய துளைகளில் தளர்வாக நிற்பதால் சட்டகம் நிறையச் சாய்ந்த பின்புதான் தகடு விசையை உணரும். அதற்குள் தகடு விரிசல் விட்டுவிடும்.

இப்போது மொட்டைமாடிகளில் பரவியிருக்கும் நிறம்பூசிய எஃகுத் தகடு வேறு ரகம். சரியாகத் திருகினால் அது நல்ல டயாஃப்ரம். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் இ. ஆர். பிரையன் செய்த ஆய்வுகள் இத்தகடுகளைக் கட்டிடத்தின் தாங்குறுப்பாகவே கணக்கிட வழி காட்டின. ஒவ்வொரு மடிப்பின் பள்ளத்திலும் திருகாணி வேண்டும், இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் தையலிலும் வேண்டும், நான்கு விளிம்புகளிலும் தகடு சட்டத்தோடு பிணைந்திருக்க வேண்டும். நம் கொட்டகைகளில் தையலில் திருகாணி அரிது. மடிப்பு விட்டு மடிப்பு திருகுவதே பழக்கம். வெறும் மழைக்கு அது போதும்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் இதற்குப் பெரிய விலை கொடுத்தது. 1974 டிசம்பர் 25 அன்று ட்ரேசி புயல் தாக்கியபோது, காற்றுமானி பழுதாகும் முன் மணிக்கு 217 கிலோமீட்டர் வேகத்தைப் பதிவு செய்தது. காற்று ஒரே சீராக இழுக்கவில்லை. விட்டு விட்டு இழுத்தது. தகடு திருகாணித் தலையைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்து விரிசல் கண்டு, தலையை விட்டுவிட்டுப் பறந்தது. கூரையை இழந்த சுவர்கள் பிடிப்பின்றிச் சரிந்தன. அதன்பின் அங்கே தகடுகளும் திருகாணிகளும் மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கும் விசையில் சோதிக்கப்பட்டன. சுவர், கூரை உறைகளின் வெட்டு வலிமை வீட்டு வடிவமைப்பில் வெளிப்படையாகக் கணக்கிடப்பட்டது. கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் (1994 ஜனவரி 17) இதே பாடத்தைச் சுவர்களுக்குச் சொன்னது. நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற மரச்சட்டக அடுக்ககத்தில் 16 பேர் இறந்தனர். ஜிப்சம் பலகை, வெளிப்பூச்சு போன்றவற்றின் வலிமையை நம்புவது அதற்குப் பின் குறைக்கப்பட்டு, முழு அளவுச் சுவர்களை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும் சோதனைகள் பெருகின.

இந்தியாவில்

ஐ.எஸ். 4326 மரக் கட்டிடங்களுக்கெனத் தனிப் பகுதி கொண்டது; 2004-இல் வந்த ஐ.எஸ். 15498 தாழ்வான வீடுகளின் புயல் தாங்குதிறனுக்கு வழிகாட்டுகிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு செய்து 2013-இல் தன் வளாகத்தில் மாதிரி வீடு கட்டிய கண்ணாடியிழை ஜிப்சம் பலகை முறை, தூய உறைப்பலகைக்கும் கான்கிரீட் சுவருக்கும் இடைப்பட்டது. 124 மில்லிமீட்டர் தடிமன், 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரமுள்ள பலகையின் உள்ளறைகளில் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பினால் அது வெட்டுச் சுவராகிறது. அதே பலகையைப் படுக்கவைத்து மேலே கான்கிரீட் இட்டால் தளமும் ஆகிறது. இங்கே ஆணியின் வேலையைக் கான்கிரீட் நிரப்பிய அறைகள் செய்கின்றன. மெல்லிய எஃகுச் சட்டகத்தில் பலகை திருகும் முறையும் பரவி வருகிறது. அதில் பலகையின் மொத்தத்தை மட்டும் பட்டியலில் எழுதி, திருகாணி இடைவெளியையும் முனை நங்கூரத்தையும் எழுதாமல் விட்ட வரைபடத்தைக் கண்டால், அந்தச் சுவரின் வெட்டு வலிமை இன்னும் கணக்கிடப்படவில்லை என்று கொள்ளலாம்.